மணலில் பொறி ஆடுகிறது என்றால்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டில் கயோட்டி (ஓநாய் இனத்துக் காட்டு விலங்கு) உங்கள் கால்பொறியை, அதாவது காலைக் கவ்விப் பிடிக்க மண்ணில் புதைத்து வைக்கும் பொறியைத் தோண்டி வெளியே போட்டுவிட்டுப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். வாசனையை மட்டும் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் பொறி ஆடுவதுதான் காரணம்; காலடியில் அது அசைந்தால் கயோட்டி உஷாராகித் தோண்டிவிடும். காய்ந்த மணல் எதையும் பிடிக்காது. குழியைக் கொஞ்சம் ஆழமாக்கி, அடியிலிருந்து வரும் ஈர மணலைப் போட்டு முஷ்டியால் குத்தி இறுக்குங்கள். பொறியின் தாடைகளுக்கு (காலைக் கவ்வும் இரு இரும்பு வளைவுகளுக்கு) வெளியே சுற்றிலும் விரலால் அடைத்தபின் ஒரு ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். மறு ஓரம் மயிரிழை எழும்பினாலும் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

விலங்கு மிதித்ததும் பொறியை விடுவிக்கும் மிதிதட்டுக்குக் கீழே மணல் புகுந்தால் தட்டு இறங்காது, அதனால் தட்டின்மேல் மூடுதுணி கட்டாயம். அதன்மேல் கால் அங்குலம் சலித்த மணல் போதும். அப்புறம், பொறியைக் கட்டிவைக்கும் சாதாரண முளை மணலில் உருவிக்கொண்டு வரும். கம்பிவட நங்கூரம் (கம்பிவடத்தின் நுனியில் இருந்து, இழுத்தால் மண்ணுக்குள் குறுக்கே திரும்பிப் பிடித்துக்கொள்ளும் உலோகத் துண்டு) அடியுங்கள். தினமும் விடிந்ததும் போய்ப் பாருங்கள், சிக்கிய விலங்கு வெயிலில் கிடக்கக் கூடாது.