ஆம்ப் மாடலர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு எலக்ட்ரிக் கிடாரும் 10 வாட்ஸ் பிராக்டிஸ் ஆம்பும் இருக்கின்றன. முதல் மாடலராக போஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர், லைன் 6 பாட் கோ இந்த மூன்றில் எதை வாங்கலாம்?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: எது நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, வாங்கியதை எதில் செருகிக் கேட்கப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. அந்த 10 வாட்ஸ் ஆம்பில்தான் என்றால் மூன்றில் எதை வாங்கினாலும் ஏமாற்றம்தான். ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் போன்ற வால்வ் ஆம்புகள், அவற்றின் ஸ்பீக்கர் கேபினெட், அதன் முன்னால் வைத்த மைக் என்று எல்லாவற்றையும் டிஜிட்டல் கணக்காகப் போட்டு ஒரே பெட்டியில் தருவதுதான் மாடலர். அதை ஏற்கெனவே தனக்கென்று ஒரு குணம் உள்ள சின்ன ஆம்பின் முன்பக்க இன்புட்டில் கொடுத்தால், ஆம்ப் மேல் ஆம்ப், கேபினெட் மேல் கேபினெட் ஆகிச் சத்தம் அடைத்துக்கொண்டு மந்தமாகத்தான் வரும். ஜிடி-1-இல் 'அவுட்புட் செலக்ட்' என்று ஒன்று இருக்கிறது, ஹெட்ஃபோனா, சின்ன ஆம்பா, பெரிய ஆம்பா என்று அதில் சொல்லிவிட்டால் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். பலர் அந்த மெனுவைத் திறப்பதே இல்லை.

இரவில் வீட்டில் வாசிக்கத்தான் என்றால் ஜிடி-1 அல்லது ஜி1 ஃபோர் தாராளமாகப் போதும். இரண்டும் நாலு ஏஏ பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் வாசிக்கலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும். மேடை ஏறும் எண்ணம் இருந்தால் மட்டும் பாட் கோவைப் பாருங்கள், கால் சுவிட்சுகள் அதிகம், நிஜக் கேபினெட்டின் குணத்தைப் பதிந்துவைத்த 'ஐஆர்' ஃபைலையும் வெளியிலிருந்து ஏற்றலாம். இல்லை, அறையில் சும்மா சத்தமாக வாசித்தால் போதும் என்றால் மாடலரே வேண்டாம், போஸ் கட்டானா 50 போல மாடலிங் உள்ளேயே இருக்கிற ஆம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். கடைக்கு உங்கள் கிடாரையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பெரிய ஆம்பில் போட்டுக் காட்டுவது உங்கள் வீட்டில் வராது.

கேள்வி: சர்ச் கொயரில் வாசிக்கிறேன். பழைய மாடலர் ஒன்று வாங்கி நேராக மிக்சரில் கொடுத்தேன், டிஸ்டார்ஷன் போட்டாலே தேனீக் கூட்டம் மாதிரி இரைகிறது. மெஷின் பழுதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பழுதாக இருக்காது. முன்னால் வைத்திருந்தவர் ஆம்பில் போட்டு வாசித்திருப்பார், அதற்காக கேபினெட் சிமுலேஷனை, அதாவது ஸ்பீக்கர் கேபினெட் போல ஒலிக்கச் செய்யும் பகுதியை, அணைத்து வைத்திருப்பார். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பாடாது, டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடும். சர்ச்சில் இருக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ், மைக்கில் பேசுவதற்கும் கீபோர்டுக்கும் செய்தது, அதையும் தாண்டி எல்லாவற்றையும் அப்படியே வெளியே விடும். கேபினெட்டையோ ஐஆரையோ ஆன் செய்யுங்கள், உச்சச் சத்தத்தை வெட்டும் 'ஹை கட்'டை 6,000 அல்லது 7,000 ஹெர்ட்ஸில் வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஒரே வயர் போடுவதானால் எல்/மோனோ என்று எழுதியிருக்கிற துளையில் போடுங்கள். மிக்சரில் மைக் இன்புட்டில் செருகாமல் லைன் இன்புட்டில் கொடுங்கள், மிக்சர் தூரத்தில் இருந்தால் நீள வயரில் இரைச்சல் சேராமல் அனுப்பும் டிஐ பாக்ஸ் ஒன்று நடுவில் வேண்டும். அப்புறம், மேலே பனிமூட்டக் காலத்தில் மெஷினை ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள், பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: ஆடி மாதக் கோயில் கச்சேரிகளில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிறேன். வீட்டில் ஹெட்ஃபோனில் பிரமாதமாக அமைத்துவைத்த சவுண்ட் மேடையில் காணாமல் போகிறது. இதைவிட விலை உயர்ந்த மாடலர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், தாதகாப்பட்டி

பதில்: ஆகாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடித்தள பாஸும் உச்ச டிரெபிளும் சரியாகக் கேட்காது, 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதிவிட்டார்கள். அதனால் வீட்டில் மெதுவாகக் கேட்டு அமைக்கும்போது கை தானாக பாஸையும் டிரெபிளையும் ஏற்றி, இரண்டுக்கும் நடுவில் உள்ள மிட்டைக் குறைத்துவிடுகிறது. அதையே மேடையில் பத்து மடங்கு சத்தத்தில் விட்டால் பாஸ் கிடாரோடு மோதிக் குமுறும், மிட்டில் கீபோர்டும் பாடகர் குரலும் உட்கார்ந்திருக்கும், உங்களுக்கு இடமே இருக்காது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மிட்டை ஏற்றுங்கள், கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, நீங்கள் ஆசைப்படுவதில் பாதி வையுங்கள், ரிவெர்பைக் குறையுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், அது சரிதான். கிளீன், லேசான கிரன்ச், லீட் என்று மூன்றே பேட்ச் (சேமித்துவைத்த சவுண்ட்) வைத்துக்கொண்டு, லீடை மட்டும் 3 டெசிபல் கூட வையுங்கள். கோயில் கச்சேரியில் சவுண்ட் செக்குக்கு நேரம் கிடைக்காது, மைக் செட்காரர் வயரை நீட்டிக்கொண்டிருக்கும்போதே சாமி வந்துவிடும், ஆகவே முந்தைய வாரமே தெரிந்தவரின் பெரிய பாக்ஸ் ஒன்றில் சத்தமாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாடலர் மெனுவில் மார்ஷல், ஃபெண்டர் பெயரே இல்லையே, டூப்ளிகேட்டா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இல்லைங்க, டிரேட்மார்க் தொல்லை. லைன் 6-இல் 'பிரிட் 2204' என்றால் மார்ஷல் ஜேசிஎம் 800, 'எசெக்ஸ் ஏ30' என்றால் வாக்ஸ் ஏசி30, 'யுஎஸ் டபுள்' என்றால் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். மற்ற கம்பெனிகளும் இப்படித்தான், மேனுவலில் பெரும்பாலும் பட்டியல் இருக்கும்.

கேள்வி: லைன் 6-இன் பழைய ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாடலர் ஒன்று அடாப்டர் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: வாங்கலாம், ஆனால் அடாப்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், நடுமுனை நெகட்டிவ். சாதாரண பெடலுக்கான 500 மில்லி ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் ஆன் ஆகாது, அப்படியே ஆன் ஆனாலும் நடுவில் அணையும். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முறை மிதித்துப் பாருங்கள், கம்ப்யூட்டரில் இணைத்து யுஎஸ்பி பேசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஒன்று தேடுங்கள்.