பட்டாவில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர நில முகவராகலாம் என்று நினைக்கிறேன். புரோக்கர் என்றால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அம்மா அழுகிறார். முதல் வாய்ப்பாக மதுராந்தகம் பக்கம் 40 சென்ட் புஞ்சை நிலம் வந்திருக்கிறது. 1978இல் கிரயம் வாங்கியவர் 1996இல் இறந்துவிட்டார். அவர் மனைவியும் இப்போது இல்லை. மகன்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருக்கிறது. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். தரகு எவ்வளவு கேட்கலாம், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்ய வேண்டுமா, யூடியூப் சேனல் தொடங்கினால் ஆட்கள் வருவார்களா, இந்தத் தொழிலை நம்பி இறங்கலாமா என்று சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தொழில் ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து சொத்தில் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய ஒரு பழைய விடுதலைப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதாலும், நீங்கள் 'சுத்தம்' என்று அத்தனை எளிதாக எழுதிவிட்டீர்கள் என்பதாலும் எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தரகு, இருபுறமும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, உங்கள் வட்டார வழக்கப்படி கேளுங்கள். ஆனால் நிலத்தைக் காட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கிரயம் முடிந்த பிறகு பேசினால் பாதிகூடக் கைக்கு வராது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாயாக ஏறும் தண்டம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை போகும். வாரிசுகள் விற்கும் தனி நிலத்துக்கு அது தேவைப்படாது. இருந்தாலும் தொழிலில் நிலைக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்துகொள்ளுங்கள். யூடியூப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. பெண் கொடுப்பதைப் பற்றிக் கல்யாணத் தரகரிடம் கேளுங்கள், அவரும் புரோக்கர்தான்.

இப்போது ஒன்று சொல்லுங்கள்: இறந்துபோன அந்த மனிதருக்கு மகள்கள் உண்டா, இல்லையா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நிலம் வாங்கிய ஆண்டு இருக்கிறது, அவர் இறந்த ஆண்டு இருக்கிறது, மகன்கள் இருவர் இருக்கிறார்கள். மகள் இல்லை என்றுகூட ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அதுதானே உண்மை?

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதில் வியப்பு என்ன? சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். தகப்பன் இறந்த நொடியில் மகளுக்கு வந்து சேர்ந்த பங்கை யாரும் போய்ப் பதிவு செய்வதில்லை. போதாக்குறைக்கு நீங்கள் பார்த்த முப்பது வருடம் 1978ஐத் தொடவே இல்லை. பட்டாவோ, தீர்வை யாரிடம் வாங்குவது என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு. அது உரிமையைத் தருவதில்லை என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. அவளுக்கு எந்த ஆண்டு கல்யாணம் ஆயிற்று என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உங்களுக்கு முன்னால் இத்தொழிலுக்கு வந்தவர்கள், 89க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று ஒரு கணக்குச் சொல்லித் தருவார்கள். அது பூர்வீகச் சொத்தைப் பற்றிய கணக்கு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்பாலேயே பங்குதாரராக்கியபோது, அதற்கு முன் மணமானவர்களை விலக்கி வைத்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. தகப்பன் கிரயம் வாங்கிய 40 சென்டுக்கும் அந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

'அப்போதே நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று' என்று அண்ணன் தம்பிகள் உங்களிடம் சொல்வார்கள். நீங்களும் தலையாட்டுவீர்கள், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். 1983இல் தாத்தாவின் நிலத்தை விற்பதற்காக மாமா என் அம்மாவை வந்தவாசிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு அழைத்தார். எனக்குப் பதினோரு வயது, அம்மாவோடு போயிருந்தேன். பட்டுப்புடவை வாங்கி வைத்திருந்தார்கள், வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். காலையில் கையெழுத்து என்றிருக்க, முந்தின நாள் இருட்டிய பிறகு அந்த விற்பனைக்குத் தரகு பேசியிருந்த பெரியவர் வந்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த விடுதலைப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, "இதில் கையெழுத்துப் போட்டால் இந்த நிலத்தில் இனி உனக்கு ஒரு சாண்கூடக் கிடையாது, தெரிந்துதானே போடுகிறாய் தாயி?" என்று கேட்டார். அம்மா கையெழுத்துப் போட்டார். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டார். அது வேறு கதை. ஆனால் அந்தப் பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டிய ஒரே ஆள் அந்தத் தரகர்தான். அதற்காக மாமா அவருக்குப் பேசிய தரகில் பாதியைப் பிடித்துக்கொண்டார் என்று பின்னாளில் அறிந்தேன்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், தம்பி. நான்கு வருடம் வண்டி விற்ற உங்களுக்குப் பேசத் தெரியும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போய், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றை அந்த மகன்களிடம் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒன்று எடுக்கவே இல்லை என்பார்கள். அல்லது இரண்டு பெயரோடு ஒன்றை நீட்டுவார்கள். எப்படியானாலும் அந்தத் தெருவில் நான்கு வீட்டில் விசாரியுங்கள். பெண் ஒருத்தி எங்காவது வாழ்க்கைப்பட்டிருந்தால், அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக அவள் வீட்டுக்குப் போய், நிலத்துக்கு இப்போது என்ன விலை பேசியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் விற்கச் சம்மதித்தால் கிரயப் பத்திரத்தில் அவளும் விற்பவராக வர வேண்டும், அவள் பங்குக்கான காசோலை அவள் பெயரில் இருக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? போய்வந்து எழுதுங்கள், பார்க்கலாம். அதுவரை ஷோரூமில் விடுப்பு மட்டும் கேளுங்கள்.