துர்துக்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லடாக்கில் பாகிஸ்தான் எல்லையோரம் இருக்கும் துர்துக் ஊரைப் பற்றிய பயணக் குறிப்பில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் 'ஒரே மக்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஊர் இந்தியாவிடம் வந்த 1971இல் பிறந்த குழந்தைக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. கையில் இந்திய வாக்காளர் அட்டை. அப்புறம் என்ன ஒரே மக்கள்? கிழவர்களின் ஏக்கத்தைப் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பாதி சரி. அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன்.

1971 டிசம்பர் போரில் துர்துக், தியாக்‌ஷி, சாலுங்கா, தாங் என பல்தி மொழி பேசும் நான்கு ஊர்கள் பாகிஸ்தானிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தன. அன்றைக்கு வேலை, படிப்பு என்று பாகிஸ்தான் பக்கத்து ஸ்கர்டுவிலும் கராச்சியிலும் இருந்தவர்கள் அங்கேயே நின்றுபோனார்கள். நான் தங்கிய வீட்டுக்காரரின் பெரியப்பா அப்படிப் போனவர். வாட்ஸ்அப்பில் வந்த அவர் படத்தை வீட்டுக்காரர் காட்டி, "மூக்கைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன், அச்சு அசல் இவர் மூக்கு. நேரில் போய்ப் பார்ப்பீர்களா என்றதும் விசா, வாகா வரை இறங்கிச் சுற்றிப் போகும் செலவு என்று கணக்குச் சொன்னாரே தவிர கண் கலங்கவில்லை. அவர் மகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விருந்தினர் எழுதிய கூகுள் ரிவ்யூவில் மூழ்கியிருந்தான். இதையெல்லாம் எழுதாமல் விட்டது என் தப்பு.

ஆனால் வெறும் ஏக்கம் என்றால் ஒப்ப மாட்டேன். அதே பையன் காலையில் ஆப்ரிகாட் பெட்டிகளை எண்ணினான்: சிக், ங்கிஸ், க்ஸும், அதாவது ஒன்று, இரண்டு, மூன்று. பல்தி, திபெத்திய மொழிக்கு உறவு. திபெத்திய எழுத்தில் மூன்றுக்கு முன்னால் ஒரு ககர மெய் உண்டு. லாசாவில் அது பேச்சில் தேய்ந்து 'சும்' ஆகிவிட்டது. அந்த எழுத்தையே கைவிட்டு எப்போதோ பாரசீக எழுத்துக்குப் போய்விட்ட முஸ்லிம் பல்திகளின் வாயில் அந்த மெய் இன்னும் அப்படியே இருக்கிறது, துர்துக்கிலும் சரி, ஸ்கர்டுவிலும் சரி. (போலோ என்ற சொல்லும் இவர்களுடையதுதான், பந்து என்று அர்த்தம்.) திபெத்திய வீரகாவியமான கேசர் மன்னன் கதையை லடாக்கின் லேயில் பௌத்தர்களும் ஸ்கர்டு இருக்கும் பல்திஸ்தானில் முஸ்லிம்களும் பாடுகிறார்கள்.

அதற்காக மொழி எல்லோரையும் சேர்த்து வைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1989இல் அதே லேயில் பௌத்தர்கள் முஸ்லிம்களை ஒதுக்கிவைத்தார்கள், அது மூன்று வருடம் நீடித்தது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரே ஊருக்குள்.

1947க்கு முன்னால் லே, கார்கில், ஸ்கர்டு மூன்றும் ஒரே நிர்வாகம். குளிர்காலத்தில் அதிகாரிகளே மூட்டை கட்டிக்கொண்டு ஸ்கர்டுவுக்கு இறங்குவார்கள். 1948 சண்டையோடு கார்கில்-ஸ்கர்டு பாதை மூடியது, இன்னும் திறக்கவில்லை. கார்கில்காரர்கள் அதைத் திறக்கச் சொல்வதில் சொந்தபந்தமும் உண்டு, கடை வியாபாரமும் உண்டு. இரண்டாவது இருப்பதால் முதலாவது பொய்யாகிவிடுமா என்ன?

குறிப்பில் 'ஒரே மக்கள்' என்பதை எடுத்துவிட்டு 'சொந்தக்காரர்கள்' என்று மாற்றிவிட்டேன். அந்த மூக்கைப் பார்த்த தைரியத்தில்.