கொல்கத்தாவில் இரண்டு நாள், கையைக் கடிக்காமல்

கேள்வி: மகளுக்கு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் நானும் மனைவியும் கொண்டுபோய் விடுகிறோம். ஹாஸ்டலில் சேர்த்த பிறகு, திரும்பும் ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கிறது. லேப்டாப், மெத்தை, டிக்கெட் என்று செலவாகிவிட்டதால் ரூம் வாடகை போக நாளுக்கு 600 ரூபாய்தான் மிஞ்சும், அதுவும் இருவருக்கும் சேர்த்து. பேசாமல் ரூமிலேயே இருந்துவிடலாம் என்கிறார் மனைவி. ஏதாவது பார்க்க முடியுமா அம்மா?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: ரூமில் மட்டும் அடைந்து கிடக்காதீர்கள் தம்பி. நான் குடித்தனம் நடத்திய ஊர் அது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனோமோ, அந்த இடங்கள்தான் இன்றும் எனக்கு அந்த ஊரிலேயே பிடித்தவை. பெரும்பாலும் ஹூக்ளி ஆற்றை ஒட்டியவை. மகள் படிக்கப்போகிற பராநகரும் ஆற்றங்கரைப் பக்கம்தான். காரும் வேண்டாம், சுற்றுலா பஸ்ஸும் வேண்டாம். ஆற்றை விட்டு அதிகம் விலகாமல் இரண்டு நாளையும் கழியுங்கள்.

முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமார் ஸ்டேஷனோடு நின்றுவிடும். சென்னை மெயில் ரயில் என்றால் ஹவுராவுக்கே போகும். எதில் போனாலும் அன்றைக்கு மூட்டை முடிச்சோடு பஸ் ஏற வேண்டாம், டாக்ஸி வையுங்கள். மகள் புது ஊரில் முதன்முதலாகக் கால் வைக்கிற நாள், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ரூமை தட்சிணேஸ்வரம் பக்கம் பாருங்கள். கல்லூரிக்கும் கிட்டே, மெட்ரோவும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

காலையில் ராணி ராஷ்மோனி 1855-இல் கட்டிய காளி கோயில். தரிசனம் முடிந்ததும் அங்கேயே படகு ஏறினால் பேலூர் மடம். ஒரு டீக்கு ஆகிற காசுதான் டிக்கெட். மடத்தை மதியம் அடைத்துவிடுவார்கள், அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். திரும்பி வந்து மெட்ரோ பிடித்து சோபாபஜாரில் இறங்குங்கள்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் குமார்துலி. நீங்கள் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. துர்கா பூஜைக்கு சிலை செய்கிற குயவர் தெரு அது. நீங்கள் போகிற மாதம்தான் வேலை சூடு பிடிக்கிற நேரம். மூங்கில் சட்டத்தில் வைக்கோலை இறுக்கிக் கட்டி, அதன்மேல் முதல் மண் பூசியிருப்பார்கள். பத்துக் கைகளும் விரிந்து நிற்கும், தலை இருக்காது. தலையைத் தனியே அச்சில் செய்து அப்புறம்தான் பொருத்துவார்கள். கண் திறப்பது மகாளயத்தன்று. பூஜைக்கு வருகிற கூட்டத்துக்கு அலங்காரம் முடிந்த அம்மன்தான் தெரியும். அவள் உருவாவதைப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கப் போகிறது, நயா பைசா செலவில்லாமல். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், மழைக்குள் மண் காய வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர்கள் அவர்கள்.

மறுநாள் விடியற்காலையில் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் கட்டம் பூச்சந்தை. செண்டுமல்லி மாலைகளைத் தலையில் சுமந்தபடி ஆட்கள் வேகமாக வருவார்கள், ஓரமாக நில்லுங்கள். அங்கிருந்து பாலத்தில் நடந்தே ஹவுராவுக்குப் போய்விடலாம். திரும்பும்போது மெட்ரோவில் எஸ்பிளனேடு வாருங்கள். 2024-இல் திறந்த பாதை, ஆற்றுக்கு அடியில் போகிறது. முக்கால் நிமிடத்தில் ஆறு தாண்டிவிடும், ஜன்னல் பக்கம் கண்ணை வைத்திருங்கள்.

எஸ்பிளனேடிலிருந்து நடந்தால் இந்தியன் மியூசியம். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் எல்லாரும் எகிப்து மம்மியிடம் ஓடுவார்கள். நீங்கள் பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலி முன்னால் நேரம் செலவழியுங்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்கிற ஜாதகக் கதைகளை இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்பே அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விக்டோரியா மெமோரியல் வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி. தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு.

சாயங்காலம் மகளையும் வரச் சொல்லி மூவருமாக காலேஜ் ஸ்ட்ரீட் போங்கள். நடைபாதை நெடுக பழைய புத்தகக் கடைகள். முதல் வருஷத்துக்கு வேண்டிய கணக்குப் புத்தகங்களைப் பாதி விலைக்குப் பேசி வாங்கலாம். மாடியில் காபி ஹவுஸ் இருக்கிறது, ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். மகளிடம் சொல்ல வேண்டியதை அங்கே உட்கார்ந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மழை வலுத்தால் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும், ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும். மதியம் 'பைஸ் ஹோட்டல்' எங்கே என்று விசாரியுங்கள். சோறு, பருப்பு, மீன் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, சில இடங்களில் வாழை இலைக்குக்கூட. வேண்டியதை மட்டும் வாங்கினால் உங்கள் 600 ரூபாய்க்குள் தாராளமாக அடங்கும்.

கேள்வி: காசி, கயா போய்விட்டுத் திரும்பும் வழியில் கொல்கத்தாவில் ஒரு பகல் தங்கல். அம்மா வெங்காயம், பூண்டு தொட மாட்டார். மீன் ஊரில் அவர் பட்டினிதானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பட்டினியே இல்லை. வாழைப்பூவிலும் பாகற்காயிலும் கசகசாவிலும் வெங்காயமே இல்லாமல் அவர்கள் சமைக்கிற ருசி தனி. 'நிராமிஷ், பெயாஜ் ரோஷுன் சாடா' என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். அதற்கும் அம்மா தயங்கினால் காளிகாட் மெட்ரோவில் இறங்கி, காளியைக் கும்பிட்டுவிட்டு லேக் மார்க்கெட் போங்கள். தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கிற பகுதி. வாழைத்தண்டும் முருங்கைக்காயும் விற்கும், இட்லியும் பில்டர் காபியும் கிடைக்கும். ராத்திரி ரயிலுக்கும் அங்கேயே இட்லி கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.