கூரை ஒழுகுகிறது, யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி – அக்காவின் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பள்ளிக்கூடத்தைப் பற்றியவை, மீதி கால்வாயைப் பற்றியவை. நான் பத்தொன்பது ஆண்டுகள் ஜாலான் பார்லிமனில் இருக்கும் மலேசிய நாடாளுமன்றத்தின் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் என்று எந்தப் புண்ணியவான் ஊரெல்லாம் சொல்லி வைத்தாரோ தெரியவில்லை. சரி, செந்தூல் வீட்டுத் திண்ணையில் கோப்பியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், செபராங் பிறை: எங்கள் தமிழ்ப்பள்ளியின் கூரை மூன்று ஆண்டுகளாக ஒழுகுகிறது. நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னோம். கேள்வி கேட்டார், பதிலும் வந்தது. கூரை மட்டும் அப்படியே இருக்கிறது. கேட்டு என்ன பயன், அக்கா?

தம்பி, கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பதிலைப் படித்தேன். நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகளின் சீரமைப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறார். இத்தனை ரிங்கிட் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்டாவில் சோறு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் இலையில் ஒரு பருக்கைகூட விழவில்லை என்பது அந்தக் கேள்விக்குள் எங்கே இருக்கிறது?

கேள்வி எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே உறுப்பினர் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘மிந்தா மெந்தெரி பெண்டிடிக்கான் மெஞாத்தாக்கான்...’, அதாவது கல்வி அமைச்சர் தெரிவிக்க வேண்டுகிறேன். உறுப்பினரின் கருத்தையோ கற்பனையையோ, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கையோ அதில் நுழைக்க முடியாது. வாய்மொழிப் பதில் வேண்டுமா, எழுத்துப் பதில் போதுமா என்பதையும் அவரே குறிப்பிட வேண்டும். வாய்மொழிக் கேள்விகள் அன்றன்றைய நிகழ்ச்சி நிரலில் வரிசையாக அச்சாகும். ஆனால் நேரம் எல்லாவற்றுக்கும் போதாது. பட்டியலின் தலையில் இருப்பவற்றுக்குத்தான் அவையில் பதில் கிடைக்கும், வாலில் இருப்பவற்றுக்குத் தாளில். ‘கேட்டேன்’ என்று உறுப்பினர் சொன்னால், எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று நீங்கள் கேளுங்கள்.

வெளியே தெரியாத வேலை இதற்கு அப்புறம்தான் நடக்கும். கேள்வித்தாள் அமைச்சுக்குப் போகும், அங்கிருந்து மாநிலக் கல்வி இலாகாவுக்கு, அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு. கேள்வியில் உங்கள் பள்ளியின் பெயர் இருந்தால் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வரும்: ‘மாலைக்குள் கூரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.’ மூன்று ஆண்டுகளாகத் தூங்கிய கோப்பை அன்றைக்கு ஒருவர் தூசி தட்டித் திறந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், அமைச்சர் எழுந்து படிக்கிற பதிலைவிட அந்தத் தொலைபேசி அழைப்பே பெரிது. நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேட்ட கேள்வியால் எந்தத் தலைமையாசிரியரின் தொலைபேசியும் ஒலிக்காது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சங்கப் பொருளாளர், தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறி கோலாலம்பூர் வந்தார். எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம், பதிலில் இருந்த கோப்பு எண் என்ன, அளவெடுக்க வந்தவர்கள் என்றைக்கு வந்தார்கள், மழை நாளில் எந்தெந்த வகுப்பை மண்டபத்துக்கு மாற்றினார்கள் என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தார். சிவப்பு மையில் கோடு வேறு. உறுப்பினர் அதிலிருந்து மூன்றே விஷயங்களை எடுத்தார்: அளவெடுத்த தேதி, அதன் பிறகு குத்தகை அறிவிப்பு வராத காரணம், வேலை தொடங்கும் மாதம். துணையமைச்சர் எழுந்து, எழுதி வைத்திருந்ததைப் படித்தார். உறுப்பினர், பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விக்கு எழுந்து, ‘அந்தக் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது?’ என்று கேட்டார். துணையமைச்சர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் பக்கம் திரும்பினார். ஒரு சீட்டு எழுதப்பட்டது, கை மாறியது, வந்து சேர்ந்தது. எழுத்தில் பதில் தருகிறேன் என்றார். சில வாரங்களில் பள்ளிக்குத் தகரம் ஏற்றிய லாரி வந்தது. கழிவறைக்கு மேலும் இரண்டு ஆண்டு பிடித்தது, அதையும் மறைக்கவில்லை.

நீங்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பள்ளி முழு உதவி பெறுவதா, பகுதி உதவி பெறுவதா? ஆசிரியர் சம்பளத்தை இரண்டுக்கும் அரசாங்கமே கொடுக்கிறது. ஆனால் பகுதி உதவிப் பள்ளியின் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. கட்டடம் என்று வாய் திறந்ததும் நிலத்தைக் காட்டித் தள்ளிப்போடுவார்கள். நிலப் பட்டாவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிட்டுக் கேள்வியை எழுதுங்கள். மலாயில், அரைப் பக்கம், அதற்கு மேல் வேண்டாம். தலைமையாசிரியரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், பாவம், அவர் அரசு ஊழியர். அந்தக் கையெழுத்துக்குத்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் இருக்கின்றன.

இன்னொரு வாசலும் உண்டு. ஆண்டிறுதிக் கூட்டத்தில் வரவு செலவுத் திட்டத்தை அமைச்சு வாரியாகப் பிரித்து, குழு நிலையில் விவாதிப்பார்கள். பணம் எந்தத் தலைப்பில் போகிறது என்று விரல் வைத்துக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அக்டோபருக்கு முன்பே உங்கள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

வாசகர், ஜெலுத்தோங்: பஸ் சரியாக வருவதில்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிட்டேன். அது மத்திய அரசாங்கத்தின் விவகாரம் என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

இந்த முறை இல்லை. ரேப்பிட் பினாங்கு பஸ், மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமான பிரசாரானா நிறுவனத்தைச் சேர்ந்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்கூட மத்திய அரசாங்கத்தின் பொறுப்புதான். மாநகர் மன்றமும் நிலமும் மாநிலத்தின் கையில். பினாங்கு சட்டமன்றத்தின் நாற்பது உறுப்பினர்கள் லைட் ஸ்திரீட் கட்டடத்தில் எவ்வளவு உரக்கக் கேட்டாலும், பஸ்ஸுக்கு அங்கே பொறுப்பான ஆள் கிடையாது. பினாங்கிலிருந்து நாடாளுமன்றம் போகும் 13 பேரில் உங்கள் தொகுதிக்காரரைப் பிடியுங்கள். ஆனால், ‘அது என் வேலை இல்லை’ என்று சொன்னவர், ‘அது இன்னாருடைய வேலை, இதோ அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்’ என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இளைஞர், செந்தூல்: நம் வீட்டுப் பக்கத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பினாங்குக்காரர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறாரே, நமக்கு யார்?

ஊர்க்காரத் தம்பி, வா. நமக்குச் சட்டமன்றமே கிடையாது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூர், மத்திய அரசாங்கம் நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசமானது. அதனால் நம் சட்டமன்றத் தொகுதிகள் போயின. மாநகராட்சித் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஆகவே தலைநகரில் குடியிருக்கும் நமக்கு, ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். முழுக் கோலாலம்பூருக்கும் பதினொரு பேர். இந்த ஊரில் கால்வாய் அடைத்தால் மாநகராட்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கூட்டரசுப் பிரதேச விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சரை மக்களவையில் கேட்க வேண்டும். குப்பைக்கும் கொசுவுக்கும் தேசிய அவையில் எழுந்து நிற்க வேண்டிய ஊர் நம்முடையது. புகார் எண்ணை வாங்கி வைத்திருக்கிறாய்தானே? அது இல்லாமல் உறுப்பினரின் சேவை மையத்துப் படி ஏறாதே.

குடும்பத் தலைவி, ஆயர் ஈத்தாம்: தொலைக்காட்சியில் பார்த்தால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. இவர்களுக்கா ஓட்டுப் போட்டோம்?

கோபம் நியாயம்தான். 222 பேர் கொண்ட மக்களவையை நடத்த, தலைவரைத் தவிர 26 பேர் இருந்தால் போதும். அதுவும் இல்லாமல் மணி அடித்து ஆள் கூட்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா, நாற்காலியை மட்டும் எண்ணாதீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாதவரும் உண்டு. பிரதமரின் கேள்வி நேரம் 2023இல் தொடங்கிய பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் நன்றாகவே சேர்கிறது. புகைப்படக்காரர்களும் அன்றைக்குத்தான் அதிகம். கால்வாயையும் கூரையையும் பற்றிய பதில்கள் மற்ற நாள்களில் வருகின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது ஹன்சாட், அதாவது அவையில் பேசியதன் பதிவேடு. சொல்லுக்குச் சொல் பதிவாகி நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். உங்கள் தொகுதிக்காரரின் பெயரைத் தேடிப் பாருங்கள். என்ன கேட்டார் என்று அரை மணியில் தெரிந்துவிடும். எதுவும் கேட்கவில்லை என்றால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஆறாம் படிவ மாணவி, பிரிக்பீல்ட்ஸ்: கட்டுரை எழுத அமைச்சுகளின் பதில்களைப் படிக்கிறேன். மலாய் புரிகிறது, பொருள்தான் புரியவில்லை. உதவ முடியுமா?

அடடா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் பழைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அகராதியே வைத்திருந்தேன். ‘மாண்புமிகு உறுப்பினரின் தகவலுக்கு’: இது கனைப்பு, தாண்டிப் போ. ‘தேவைக்கேற்ப’: தேவையை முடிவு செய்வது நாங்கள். ‘அவ்வப்போது’: தேதி சொல்ல மாட்டோம். ‘தற்போதைய நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’: இந்த ஆண்டு இல்லை. ‘அமைச்சு எப்போதும் கடப்பாடு கொண்டுள்ளது’: கோப்பை யாரும் தேடவில்லை. ‘அதிகாரபூர்வ இரகசியம்’ என்று வந்தால் அது விளையாட்டில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பின்னால் நிற்கிறது. ஒரு பதிலில் தேதியும் இடமும் தொகையும் மூன்றும் சேர்ந்து வந்தால் அடிக்கோடு போட்டு வை. அடுத்த ஆண்டு அதையே திருப்பிக் காட்டி யாராவது கேட்கலாம்.

முடிந்தால் பள்ளி மூலம் அனுமதி பெற்று ஒரு நாள் அவைக்கே போய்ப் பார். காலை பத்து மணிக்கு முன் போய்விடு. மாடத்தில் உட்கார்ந்ததும் எல்லாரும் அமைச்சரைப் பார்ப்பார்கள். நீ ஓரத்தில் கோப்புகளோடு இருக்கும் அதிகாரிகளைப் பார். துணைக் கேள்வி விழுந்ததும் அவர்களில் யார் முதலில் பேனாவை எடுக்கிறார் என்று கவனி. ஒரு சால்வையும் எடுத்துக்கொள், உள்ளே குளிர் எலும்பைத் தொடும்.