விசுவாசிக்கிறவர் கேள்வி கேட்கக் கூடாதா?

"பகுத்தறிவை ஓரமாக வைத்தால்தான் கிறிஸ்தவராக இருக்க முடியுமா?" என்பது கேள்வி. ஆம் என்று நினைத்திருந்தால் நான் எப்போதோ விசுவாசத்தை விட்டிருப்பேன்.

அப்படி ஒரு எண்ணம் வரக் காரணம் உண்டு. கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், "ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அதாவது, கிரேக்கத் தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் பகுத்தறிவைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். ஆனால் 1521இல் தன் எழுத்துகளுக்காக ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் விசாரிக்கப்பட்டபோது, வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தன் தவறைக் காட்டினால் ஒழியப் பின்வாங்க மாட்டேன் என்றவரும் அதே லூத்தர்தான்.

நான் அதிகம் மதிப்பது அன்செல்மை. 11ஆம் நூற்றாண்டுத் துறவி. ஏற்கெனவே விசுவாசிப்பதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. 'இதைவிடப் பெரிதாக எதையும் நினைக்கவே முடியாது' என்று சொல்லத்தக்கவர் கடவுள். அப்படிப்பட்டவர் நினைப்பில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பவர் அவரைவிடப் பெரியவராகிவிடுவாரே, ஆகவே கடவுள் உண்மையிலேயே இருக்கிறார் என்று வாதிட்டார். இதை மறுத்தவர் நாத்திகர் அல்ல, கௌனிலோ என்ற இன்னொரு துறவி! இப்படிப் பார்த்தால், நினைக்க முடிந்ததிலேயே மிகச் சிறந்த தீவும் எங்கோ இருந்தாக வேண்டுமே என்றார். தேவன் இல்லை என்று சொல்லும் சங்கீதத்தின் மதிகேடனுக்காகப் பரிந்து பேசுவதாகவே அந்த மறுப்பை எழுதினார். அன்செல்ம் கோபப்படவில்லை. பதில் எழுதினார், தன் நூலைப் படியெடுக்கும்போது அந்த மறுப்பையும் பதிலையும் கூடவே சேர்க்கச் சொன்னார். அந்த வாதம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் எதிராளியின் குரலைத் தன் நூலுக்குள் கொண்டுவரும் துணிச்சல், உண்மைமேல் நம்பிக்கை உள்ளவருக்குத்தான் வரும்.

அப்புறம் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274). கடவுள் இருக்கிறார் என்பதைப் பகுத்தறிவால் காட்டலாம், திரித்துவத்தை (ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருப்பதை) அப்படிக் காட்ட முடியாது என்று எல்லை வகுத்தவர். உலகம் என்றென்றும் இருப்பது என்றார் அரிஸ்டாட்டில். அதற்குத் தொடக்கம் உண்டு என்று அக்வினாஸ் விசுவாசித்தார். ஆனாலும் அதைத் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்றார். அவர் காலத்துப் போனவெந்தூரா போன்ற இறையியலாளர்கள் முடியும் என்றார்கள். விசுவாசத்துக்காக நொண்டி வாதங்களை வைத்தால் விசுவாசியாதவர்கள் நகைக்கத்தான் அது இடம் கொடுக்கும் என்பது அக்வினாஸின் எச்சரிக்கை. அறிவியல் செய்தி ஒன்று வந்ததும் 'பார், வேதம் நிரூபணமாகிவிட்டது' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

சரி, அறிவே எல்லாவற்றையும் தந்துவிடுமா? தராது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தாரா என்று சாட்சிகளை எடைபோடலாம். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு போட்டாலும் கணக்கின் விடைபோல அது வந்து நிற்காது. அவரிடம் என்னை ஒப்புக்கொடுப்பதா என்பதை நானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டேன். கேள்விகளை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.