வலி நின்றுபோச்சு, அப்புறம் ஏன் டாக்டர்? – வேர் சிகிச்சை பற்றிய கேள்விகள்

வேலூர் வெயிலில் ஜில்லென்று ஒரு மோர் குடிப்பார்கள், பல் சுரீரென்று இழுக்கும். கோடை வந்தால் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கதை இப்படித்தான் தொடங்குகிறது. வந்த கேள்விகளில் வேர் சிகிச்சை, அதாவது எல்லோரும் சொல்லும் ரூட் கேனால் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்யணும் என்கிறார் டாக்டர். நரம்பையே வெட்டி எடுப்பார்களாமே? உள்ளே என்னதான் செய்வீர்கள்? – காட்பாடி வாசகி

பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நட்டநடுவில் கூழ். நுண்ணிய நரம்பும் ரத்தக் குழாயும் இந்தக் கூழில்தான் இருக்கின்றன. சொத்தை அதுவரை போய்விட்டால் கூழ் வீங்கும். கை வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கிறது. பல்லுக்குள் நாலு பக்கமும் கெட்டிச் சுவர், வீங்க இடமே கிடையாது. ராத்திரி படுத்ததும் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் விண்விண் என்று தெறிப்பது அதனால்தான். நாங்கள் எடுப்பது அந்தக் கெட்டுப்போன கூழை. தாடையில் ஓடும் பெரிய நரம்பைத் தொடுவதில்லை.

முதலில் எக்ஸ்ரே. அப்புறம் மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி. கீழ்ப் பல்லுக்குத் தாடையின் பின்புறம் போடுவோம், பாதி உதடு தடித்த மாதிரி ஆகிவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போது வந்தால் ஒரு ஊசிக்குக் கேட்காமல் இன்னொன்று தேவைப்படலாம். பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவோம்.

அடுத்து பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரை மாட்டுவோம். எச்சில் உள்ளே போகாது, மருந்தும் சின்னச் சின்ன ஊசிகளும் உங்கள் தொண்டைக்குப் போகாது. பிறகு மேலிருந்து ஒரு துளை போட்டு, வேருக்குள் கூழ் இறங்கும் மெல்லிய குழாய்களான கால்வாய்களின் வாயைத் தேடுவோம். நேரம் பிடிப்பதே இந்தத் தேடல்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 2 வேர், 3 கால்வாய், சிலருக்கு 4. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவது கால்வாய் ஒன்று அடிக்கடி ஒளிந்துகொண்டிருக்கும். அதை விட்டுவிட்டால் சில வருடம் கழித்து அதே பல் மறுபடி வலிக்கும்.

கால்வாய் கிடைத்ததும் ஃபைல் என்னும் மெல்லிய அரம் உள்ளே போகும். 10ஆம் எண் ஃபைலின் முனை 0.10 மில்லிமீட்டர்தான். வேர் நுனி எங்கே முடிகிறது என்று ஒரு சின்னக் கருவி சத்தம் போட்டுச் சொல்லும். அதற்கு அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை முன்னாலேயே நிற்க வேண்டும். தாண்டினால் எலும்பைக் குத்தும், எட்டாமல் போனால் கிருமி தங்கும். ஃபைலால் சுரண்டிக்கொண்டே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுவோம். துணி வெளுக்கிற ப்ளீச்சில் இருக்கும் அதே சரக்குதான். ஃபைல் தொடாத மூலைமுடுக்கைச் சுத்தம் செய்வது இந்தத் திரவம்தான், ஆகவே 'டாக்டர் தண்ணிய பீச்சிக்கிட்டே இருக்கார்' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகக் காகிதக் குச்சியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை ஒரு பசையோடு சேர்த்து நுனிவரை அடைப்போம். மலேசியா, இந்தோனேசியா பக்கத்து மரங்களின் பால் அது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது, இன்று நம் பல்லுக்குள் இருக்கிறது. சீழ் இல்லாத பல்லை ஒரே தடவையில் முடிக்கலாம். சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து மூடி, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச்சொல்வோம். முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது சகஜம்.

முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விட்டது. கங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மூன்று மாதம் ஆச்சு. இனியும் போகணுமா? – குடியாத்தம் வாசகர்

போகத்தான் வேண்டும், இந்த வாரமே. சிரசு பார்க்காமல் குடியாத்தத்துக்காரர் இருக்க முடியாது, சரி. ஆனால் திருவிழா ஒரு நாள் சமாச்சாரம். வலி நின்றது பல் குணமானதால் அல்ல, வலியைச் சொல்கிற கூழை எடுத்துவிட்டதால். வாசல் மணியைக் கழற்றிவிட்டு, யாருமே வரவில்லை என்று நினைப்பது போலத்தான். மேலே வைத்திருப்பது தற்காலிகச் சிமென்ட், சில வாரத்துக்குத்தான் தாங்கும். ஓரம் கசிந்து எச்சில் இறங்கும், கிருமி வேர் நுனிவரை போய் எலும்பை அரிக்கும். அதுவரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி எழுந்திருப்பீர்கள். பாதியில் விட்டவர்களுக்குத்தான் நான் அதிகம் பல் பிடுங்கியிருக்கிறேன்.

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் தடுக்கிறார். – ஆரணி வாசகி

போகாது. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து வரும் 2ஆவது நரம்பு, பல்லுக்கு வருவது 5ஆவது நரம்பின் கிளை. இரண்டும் வேறு வேறு. இன்னொன்றையும் அத்தையிடம் சொல்லுங்கள்: மேல் கோரைப்பல்லின் சீழைக் கவனிக்காமல் விட்டால்தான் கண்ணுக்குக் கீழே வீக்கம் ஏறும்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன், கேட்டது. திரும்ப வந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா? – சத்துவாச்சாரி வாசகர்

வேண்டாம். மாத்திரை ரத்தத்தோடுதான் போகும். செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை என்றால் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வெளியே பரவியது கொஞ்சம் அடங்கும், ஊற்று உள்ளேயே இருக்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும், அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும். தாடைக்கடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் நடுராத்திரி ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிராம்புத் தைலம் ஒரு ராத்திரியை ஓட்ட உதவும், பஞ்சில் லேசாகத் தொட்டு வையுங்கள். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது, ஈறு வெந்துவிடும்.

ரூட் கேனால் முடிந்து கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை, போடாமல் விட்டேன். பிரியாணியில் எலும்பைக் கடித்துப் பல் உடைந்துவிட்டது. கேப் என்பது காசு பிடுங்கத்தானே என்று நினைத்தேன். – ஆம்பூர் வாசகர்

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியைக் குறைக்கச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. சொத்தை தின்றது போக, நாங்கள் போட்ட துளையும் சேர்ந்து பல்லின் நடுப்பாகம் காலியாகிறது. மிச்சம் மெல்லிய சுவர். கடைவாயில் அரைக்கும் அழுத்தத்துக்கு அது பிளந்துகொள்ளும். முன்பல்லில் அவ்வளவு பாரம் விழாது, நிறையப் பல் மிச்சம் இருந்தால் அடைத்தாலே போதும். கடைவாய்ப் பல்லுக்கு நான் கேப் இல்லாமல் முடிப்பது அபூர்வம். ஜிர்கோனியா என்னும் கெட்டியான வெள்ளைப் பீங்கானோ, உலோகத்தின்மேல் பீங்கானோ, வெறும் உலோகமோ, பையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் பல்லின் ஓரம் மட்டும் உடைந்திருந்தால் இப்போதும் காப்பாற்றலாம். வேர்வரை பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் வழி.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார். ரூட் கேனாலுக்கு முன்னால் அதை நிறுத்தணுமா? – ராணிப்பேட்டை வாசகி

அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பல்வலி ஒரு பொருட்டாக இருக்காது. இவருக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட ரூட் கேனாலில் ரத்தப்போக்கு மிகக் குறைவு. காலை டிபன் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு அழைத்து வாருங்கள். எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

பல்லுக்குள் ஃபைல் ஒடிந்துவிட்டது என்றார் டாக்டர். பயமாக இருக்கிறது. – வாணியம்பாடி வாசகர்

எனக்கும் ஒடிந்திருக்கிறது. வளைந்த வேரில் எத்தனை பொறுமையாகச் செய்தாலும் எப்போதாவது நடக்கும். கால்வாய் அதற்குள் சுத்தமாகிவிட்டதா, துண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. நுனிக்கருகே சுத்தமான கால்வாயில் என்றால் அப்படியே அடைத்துவிட்டு, 6 மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்போம். மேலே நின்றால் நுண்ணோக்கி வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணர் எடுக்க முயலலாம். மறைக்காமல் சொன்ன டாக்டரிடமே எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.